துயரத்திற்கு யார் விளக்கம் சொல்வது?

கடவுள் எல்லாம் வல்லவர். கடவுள் அளவற்ற கருணை உடையவர். உலகில் தீமை இருக்கிறது. இம்மூன்றில் எவ்விரண்டை ஏற்றாலும் மூன்றாவது இடறுகிறது என்னும் சிக்கலைக் கி.மு. 300 அளவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எபிகூரஸின் பெயரால் சொல்வது வழக்கம். அவர் எழுதியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் இந்த வாதம் காணப்படவில்லை. அவரை மறுப்பதற்காகக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் எடுத்துக்காட்டிய வடிவத்தில்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. இறைநம்பிக்கையை அசைக்கக் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் ஒரு வாதத்தை நம்பிக்கையாளர் ஒருவரே பத்திரப்படுத்தித் தந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

நானும் நம்புகிறவன்தான். வழிபாட்டை விட்டதில்லை, இந்தக் கேள்வியையும் விட்டதில்லை. இரண்டும் ஒரே மனத்தில் நெடுங்காலம் குடியிருந்ததால் எனக்குள் படிந்துபோன ஒரு கருத்தை இங்கே எழுதிவைக்கிறேன். துன்பத்திற்குச் சமயங்களும் தத்துவங்களும் தந்திருக்கும் விளக்கங்களை, அவை உண்மையா பொய்யா என்று மட்டும் சோதித்துப் பார்ப்பது போதாது. அந்த விளக்கத்தை யார், யாரைப் பற்றி, யாரிடம் சொல்கிறார் என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். துன்பப்படுகிறவர் தம்மைக் குறித்துத் தாமே சொல்லிக்கொள்ளும்போது ஊன்றி நிற்க உதவும் ஒரு சொல், பக்கத்தில் நிற்பவர் வாயிலிருந்து வரும்போது தீர்ப்பாகிவிடுகிறது.

விளக்கங்களுள் மிகவும் வலுவானது மனித சுதந்திரத்தைக் காட்டும் வாதம் என்றே பலரும் கருதுகிறார்கள். அன்பு செலுத்தவும் அறம் செய்யவும் வல்ல உயிர்கள் வேண்டுமானால், வெறுக்கவும் வஞ்சிக்கவும் முடிந்த உயிர்களாகவே அவை இருந்தாக வேண்டும். முடுக்கிவிட்டபடி இயங்கும் பொம்மையின் நன்மையை நன்மை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால், எப்போதும் நல்லதையே தாமாகத் தேர்ந்துகொள்ளும் மனிதர்களை எல்லாம் வல்லவர் ஏன் படைத்திருக்கக் கூடாது என்று 1955இல் ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் ஜே. எல். மக்கி கேட்டார். தேர்வு உண்மையில் அந்த உயிருடையது என்றால் அதன் முடிவை வேறொருவர் உறுதிசெய்துவைக்க முடியாது, அந்த வேறொருவர் கடவுளாகவே இருந்தாலும், என்று அமெரிக்கரான ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். கடவுளும் தீமையும் ஒருசேர இருப்பது தர்க்கப்படியே முரண் என்று வாதிட்டுவந்த தரப்பினரில் பலர் அதன்பின் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டனர். எனக்கும் பிளான்டிங்காவின் மறுப்பு சரியாகவே படுகிறது. ஆனால் முரண்பாடு இல்லை என்று காட்டுவது வேறு, காரணம் இன்னது என்று காட்டுவது வேறு. கொல்கிறவனின் ஒரு தேர்வு மதிக்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் எல்லாத் தேர்வுகளும் அத்தோடு முடிந்துபோயின. சுதந்திரத்தின் பெயரால் நடந்த இந்தக் கணக்கில் யாருடைய சுதந்திரம் எடைபோடப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மனிதன் செய்யாத தீமைக்கு இந்த வாதம் எட்டாது. அங்கே இயற்கையின் ஒழுங்கைக் காட்டுகிறார்கள், அதில் பொருள் இல்லாமலும் இல்லை. நிலத்தட்டுகளின் நகர்வு ஊர்களை இடித்துத் தள்ளுகிறது. மலைகளை எழுப்புவதும், கரிமத்தைப் பாறைக்கும் வளிமண்டலத்திற்கும் இடையே சுழலவிட்டு நெடுங்கால அளவில் பூமியின் வெப்பநிலையை உயிர்கள் வாழத்தக்கதாக வைத்திருப்பதில் பங்காற்றுவதும் அதே நகர்வுதான். மரபணுவில் நேரும் பிறழ்வு புற்றுநோயாகிறது. புதிய உயிர்வகைகள் தோன்றியதும் அத்தகைய பிறழ்வுகளால்தான். வலியே இல்லாமல் பிறந்திருக்கலாமே என்று நினைப்பவர்கள், வலியை உணராத மிக அரிய பிறவிக் குறைபாடு உடையவர்களைப் பற்றிப் படிக்க வேண்டும். அக்குழந்தைகள் தம் நாக்கையும் விரலையும் கடித்துக் காயப்படுத்திக்கொள்கிறார்கள், எலும்பு முறிந்ததை அறியாமல் நடக்கிறார்கள், பலர் இளமையிலேயே இறந்துபோகிறார்கள். வலி ஒரு காவல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எச்சரிக்க வேண்டியதையெல்லாம் எச்சரித்து முடித்த பின்னும், செய்வதற்கு ஒன்றுமே மிஞ்சாத நிலையிலும், முற்றிய நோயாளியின் எலும்புக்குள் அந்தக் காவல் ஏன் ஓயாமல் கூவிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு ஒழுங்கைக் காட்டும் வாதத்தில் விடை இல்லை.

துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்போர் இந்த இடத்தில் முன்வருவார்கள். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக் 1966இல் விரிவாக எழுதிய இக்கருத்துக்கு, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ ஆயர் இரேனியுஸ் வரை நீளும் பழமை உண்டு. இதைப் பெரியம்மையோடு உரசிப் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரை அந்நோய் கொன்றிருக்கும் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. எட்வர்ட் ஜென்னர் 1796இல் தடுப்பூசி முறையைச் சோதித்துப் பார்த்தார். 1977இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். நோய் ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அன்றிலிருந்து மனித ஆன்மா பக்குவம் பெறும் வாய்ப்பு ஒன்று குறைந்துவிட்டது என்று எந்த நம்பிக்கையாளரும் வருந்தியதாகத் தெரியவில்லை. நோயை வெல்லக் கற்றுக்கொண்டதே பக்குவம் என்று பதில் சொல்லலாம். அப்படிச் சொன்னால், அதுவரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்தவர்கள் எல்லாரும் நம் பாடத்திற்குச் செலவான ஏடுகளாகிவிடுகிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்திய மரபு வேறு வழியில் போயிற்று. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தின் முதற்பகுதியிலேயே இக்கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறது: ஒருவரை இன்பத்திலும் இன்னொருவரைத் துன்பத்திலும் வைக்கும் இறைவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் என்னும் இரு குற்றங்கள் சேராவா? சேரா, ஏனெனில் அவன் உயிர்களின் வினையைச் சார்ந்தே செயற்படுகிறான் என்பது சூத்திரத்தின் விடை. முதன்முதலில் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிறவித் தொடருக்கு முதலே இல்லை என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது. சங்கரரும் இராமானுசரும் மற்றவற்றில் எவ்வளவு மாறுபட்டாலும் இவ்விடையை ஏற்கிறார்கள்.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படும் விளக்கமும் அதுதான். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) மூன்றும் தொடக்கமற்றவை. இறைவன் உயிரைப் படைக்கவில்லை. உயிரை மூடியிருக்கும் ஆணவ இருளையும் அவன் படைக்கவில்லை. செம்பில் களிம்பு போல அது உயிரோடு என்றும் உடனிருப்பது. அவன் ஆக்கித் தருவதெல்லாம் அந்த இருள் கழல்வதற்கு வேண்டிய உடலையும், கருவிகளையும், உலகையும், நுகர்ச்சிகளையும்தான். ஐந்தொழில்களில் மறைத்தல் என்பதும்கூட, இருவினைப் பயனை நுகர்ந்து மலமாகிய அந்த இருள் கழலும் பக்குவம் அடையும்வரை தன்னை மறைத்துக்கொள்ளும் அருளே. தீமையை ஏன் படைத்தான் என்ற கேள்வி இங்கே எழவே எழாது. அதற்குக் கொடுக்கும் விலை, தொடக்கத்தில் சொன்ன மூன்று கூற்றுகளில் முதலாவதைச் சற்றே தளர்த்துவது: தான் படைக்காத ஒன்றோடு, உடனடியாக அழித்துவிட முடியாத ஒன்றோடு, இறைவன் பொறுமையாகப் போராடிக்கொண்டிருக்கிறான். சித்தாந்தம் முறையாகக் கற்றவர்கள் இப்படிச் சொல்வதை ஒப்பமாட்டார்கள் என்பது தெரியும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அதைக் குறையாகவும் நான் கருதவில்லை.

இத்தனை நுட்பமும் வகுப்பறையைத் தாண்டித் தெருவுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்ற குறளுக்கு, அறத்தின் பயனை நூலால் உணர்த்த வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பார்த்தாலே விளங்கும் என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். வேறு விதமாகப் பொருள் கொண்டவர்களும் உண்டு. அந்தச் சர்ச்சை இங்கே வேண்டாம். பரிமேலழகர் கொண்ட பொருளையே எடுத்துக்கொள்வோம். அந்தச் சொல்லைப் பல்லக்கின் உள்ளே சாய்ந்திருப்பவன் சொன்னால் ஒரு பொருள்; தோளில் தண்டு அழுத்த நடப்பவன் சொன்னால் முற்றிலும் வேறொரு பொருள். முதலாமவன் வாயில் அது தன் வசதிக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ். இரண்டாமவன் வாயில் அது ஒருவேளை தன் நிலையைத் தாங்கிக்கொள்ளும் வழியாக இருக்கலாம், அல்லது பிறர் சொல்லிச் சொல்லி உள்ளே இறங்கிய நஞ்சாகவும் இருக்கலாம். அது எது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையைப் பறிகொடுத்த உறவினர் வீடு ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது, பெரியவர் ஒருவர் அந்தத் தாயிடம், "போன பிறவியில் என்ன கடன் பாக்கியோ அம்மா, வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்றார். அவர் கெட்டவர் அல்லர். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்த பார்வையில், குழந்தையை இழந்ததோடு, இழக்கும்படி ஏதோ செய்தவளாகவும் தான் ஆக்கப்பட்டுவிட்டதை அவள் புரிந்துகொண்டது தெரிந்தது.

விவிலியத்தின் யோபு நூலை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதனால்தான். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து கிடக்கும் யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பின்னர் வாய் திறந்து, கடவுள் நீதியுள்ளவர் ஆகையால் நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று அத்தியாயம் அத்தியாயமாக நிறுவத் தொடங்குகிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் கடவுளுக்கு ஆதரவாக. யோபு பேசுவதெல்லாம் கடவுளுக்கு எதிராக. இறுதியில் சூறைக்காற்றிலிருந்து பேசும் கடவுள் காரணம் எதையும் சொல்லவில்லை. நான் பூமிக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார். அந்த விடை பலருக்கு ஏமாற்றம் தருகிறது, எனக்கும் தருகிறது. ஆனால் அதன்பின் அவர் தம் சார்பில் வழக்காடிய நண்பர்களைப் பார்த்து, என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். குற்றம் சாட்டியவன் சரியாகப் பேசியவனாகிறான். நியாயப்படுத்தியவர்கள் மன்னிப்புக்காகப் பலியிட வேண்டியவர்களாகிறார்கள். இந்த ஒரு திருப்பத்தை ஒழுங்காக உள்வாங்கியிருந்தால் பேரிடர்களின்போது மதவாதிகள் பேசிய பேச்சுகளில் பாதி பேசப்பட்டிருக்காது.

1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவரின் திருநாள் காலையில், மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கமும், பின் கடற்பேரலையும், பின் நெருப்பும் அழித்தன. இயேசு சபைத் துறவி கபிரியேல் மலகிரிதா அடுத்த ஆண்டே ஒரு துண்டு நூல் வெளியிட்டு, இது அந்நகரத்தாரின் பாவத்திற்குக் கடவுள் தந்த தண்டனை, இயற்கைக் காரணம் தேடுவதே தவறு என்றார். இடிபாட்டை அகற்றி நகரை மீட்க ஆட்கள் தேவைப்பட்ட நேரத்தில் தவம் செய்யச் சொன்ன இந்த அறிவுரை, போர்ச்சுகல் அமைச்சர் பொம்பாலுக்கு எரிச்சலூட்டியதில் வியப்பில்லை. பொம்பால் தேவாலயப் பங்குகள்தோறும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பி, அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா என்றெல்லாம் கேட்டார்.

இன்னும் சிக்கலான நிகழ்வு நம் நாட்டில் நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் இறந்தனர். தீண்டாமை என்னும் நம் பாவத்திற்கு இது கடவுள் அளித்த தண்டனை என்று காந்தி சொன்னார். தாகூர் பதறிப்போய் மறுப்பு எழுதி அனுப்பினார். காந்தி அதைத் தம் 'ஹரிஜன்' இதழில் தம் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு என்பது தாகூரின் அடிப்படை வாதம். அதைவிடக் கூர்மையான ஒன்றையும் அவர் சொன்னார்: இந்த வகை வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளின் மனப்போக்குக்கே நன்றாகப் பொருந்தும், அவர்கள் இதே நிலநடுக்கத்திற்குக் காந்தியையும் அவர் தொண்டர்களையும் காரணமாக்கியிருந்தால் தமக்கு வியப்பே இருந்திருக்காது. காந்தியின் பதில் என்னைத் தடுமாற வைக்கிறது. தம்மால் இதை நிறுவ முடியாது என்றும், ஆனால் இந்த நம்பிக்கை தம்மைத் தாழ்மையுடையவராக்குகிறது என்றும் அவர் எழுதினார். தம்மளவில் அது உண்மை. பீகார் இடிந்ததைக் கேட்டு, என் சமூகத்தின் பாவம் என்று தலைகுனிகிற ஒருவரை நான் எப்படிக் குறைசொல்வேன்? ஆனால் 'நம்' பாவம் என்றபோது, இடிபாட்டில் நசுங்கிய தாழ்த்தப்பட்ட மக்களையும் அந்தச் சொல்லுக்குள் அவர் இழுத்துக்கொண்டுவிட்டார். தீண்டாமைக்கு ஆளானவரே தீண்டாமைக்கான தண்டனையையும் பெற்றவரானார். வாதம் முழுவதிலும் தாகூர் பக்கமே நிற்கிறேன், காந்தியின் மனநிலையைப் புரிந்துகொண்டபடியே.

தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் அப்பரைவிடப் பெரிய சான்று இல்லை. சூலை நோய் குடலைச் சுருட்டி முடக்கிய நிலையில் திருவதிகையில் அவர் பாடிய முதற்பாட்டு, 'கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமை பல செய்தன நான் அறியேன்' என்று தொடங்குகிறது. நான் கொடுமைகள் செய்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. ஆனால் எமனாகி வந்திருக்கும் இதை நீர் ஏன் விலக்காமல் இருக்கிறீர்? வினையை ஏற்பதும் இறைவனைக் கேட்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த வரியை வேறொருவர் அவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்னவாகும் என்று எண்ணிப்பாருங்கள். தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்து அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்கிறது பெரியபுராணம். பாட்டை அவரே பாடினார்.

பிறருடைய துன்பத்தைப் பார்க்கும்போது என்ன பேசலாம் என்பதற்கு வள்ளுவரிடம் ஒரு வழி இருக்கிறது. ஊழுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, 'ஊழிற் பெருவலி யாவுள' என்று கேட்டவர் அவர். பிச்சையெடுப்பதைப் பற்றி 'இரவச்சம்' என்னும் அதிகாரத்தில் பத்துக் குறள் எழுதும்போது ஊழை ஓரிடத்திலும் அவர் அழைக்கவில்லை. இரப்பவனின் முன்வினை என்று ஒரு சொல் இல்லை. அதற்கு மாறாக, 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றியான்' என்கிறார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால், அப்படி உலகைப் படைத்தவனும் அவனைப் போலவே அலைந்து கெடட்டும். 'உலகியற்றியான்' என்பது நாட்டை ஆள்பவனைக் குறிக்கும் என்று சொல்லிக் கடவுளைத் தப்ப வைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பரிமேலழகரே அப்படிச் செய்யவில்லை. படைத்தவன் என்றே உரை எழுதினார். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கக் கண்ட புறநானூற்றுப் புலவர் பக்குடுக்கை நன்கணியாரும், படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றுதான் திட்டினார். அழுகிறவர்களிடம் காரணம் தேடவில்லை. கடவுள்மேல் சுமத்தும் குற்றச்சாட்டைத் தாங்கிக்கொள்ளும் வலு கடவுளுக்கு உண்டு. குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த வலு இல்லை.

நான் இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தன் துயருக்குத் தானே பொருள் சொல்லலாம் என்றால், அப்படிச் சொல்ல வாயில்லாத உயிர்களுக்கு என்ன வழி? 1979இல் வில்லியம் ரோ என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஓர் எடுத்துக்காட்டு தந்தார்: யாருமற்ற காட்டில் மின்னலால் தீப்பிடிக்க, ஒரு மான்குட்டி கருகி, பல நாட்கள் துடித்துக் கிடந்து செத்துப்போகிறது. எவர் சுதந்திரமும் அதில் இல்லை. யாரும் பார்க்காததால் எவரும் பாடம் கற்கவும் இல்லை. இஸ்லாமிய மரபில் இறையியலாளர் அல்-அஷ்அரி தம் ஆசிரியர் அல்-ஜுப்பாயியிடம் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இதைவிடவும் இறுக்கமானது. மூன்று சகோதரர்கள்: ஒருவன் பக்தனாக வாழ்ந்து இறந்தான், ஒருவன் பாவியாக வாழ்ந்து இறந்தான், ஒருவன் குழந்தையிலேயே இறந்தான். என்னையும் வாழவிட்டிருந்தால் நானும் உயர்ந்த நிலையைப் பெற்றிருப்பேனே என்று குழந்தை கேட்டால், நீ வளர்ந்திருந்தால் பாவியாகியிருப்பாய், உன் நன்மைக்காகவே முன்னதாக எடுத்துக்கொண்டேன் என்று கடவுள் சொல்லக்கூடும். அப்போது நரகத்திலிருந்து அந்தப் பாவி, அப்படியானால் என்னையும் ஏன் குழந்தையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்பான். ஆசிரியர் வாயடைத்துப்போனார் என்பது கதை.

மறுமையில் எல்லாம் ஈடுசெய்யப்படும் என்று நம்பிக்கையாளர்கள் இதற்குச் சொல்வார்கள். நானும் அப்படி நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புவதோடு, சில நாட்களில் உறுதியாக நம்பவும் செய்கிறேன். ஆனால் ஈடு வேறு, காரணம் வேறு. ஒருவர் கையை முறித்துவிட்டு அதற்குப் பெருந்தொகை தருபவர், தாம் ஏன் முறித்தார் என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த மான்குட்டிக்கும் அந்தக் குழந்தைக்கும் எவ்வளவு பெரிய இன்பம் பின்னால் காத்திருந்தாலும், அதை அடைய அந்தத் தீயும் அந்த நோயும் எதற்குத் தேவைப்பட்டன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. சித்தாந்தம், சுதந்திரம், பக்குவம், மறுமை ஆகிய நான்கையும் அடுக்கிப் பார்த்தும் என்னால் அதை மூட முடியவில்லை. மூடிவிட்டதாகச் சொல்லும் நூல்களை இப்போதெல்லாம் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். வழிபாட்டின்போது அந்தக் கேள்வியையும் அங்கேதான் வைக்கிறேன், கேட்கப்பட வேண்டியவர் அவர் என்பதால்.